ஞானம்மா நிறுத்திய தீர்மானம்

தெருவிளக்குக்கு என்று சொல்லி வந்த தாளில் முதல் கையெழுத்து என்னுடையது. ரோலிங் மில்லில் ஷிப்டு முடித்து வந்த அலுப்பில் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. நாற்பது வயதுக்கு மேல் பழகிய எழுத்து, போட்டுக் காட்டும் ஆசையும் இருந்தது. என்னைப் பார்த்து அறுபது வீட்டுக்காரர்களும் போட்டார்கள். எங்கள் தெருவின் ஒரே போர்வெல்லுக்குப் பக்கத்தில் குப்பைக் கிடங்கு வர எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று அதில் இருந்திருக்கிறது.

கண்டுபிடித்தவர் எங்கள் வார்டு கவுன்சிலர் ஞானம்மா. முன்பு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கியவர். கூட்டத்துக்கு முன்னால் கவுன்சிலர்களுக்கு வரும் தீர்மானங்களையும் இணைத்த தாள்களையும் வரி விடாமல் படிப்பார். கூட்டத்துக்கு முந்தின நாள் காலையிலேயே என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"இன்னா கலியண்ணே, போர்வெல்லாண்ட குப்பை கொட்டச் சொல்லி நீயே கையெழுத்துப் போட்டுக்கீற?"

"லைட்டுக்குன்னு சொன்னாங்கம்மா!"

"சொல்லுவாங்கோ. நாளிக்கு லீவு போட்டுக்கினு கூட்டத்தாண்ட வந்து நில்லு."

மறுநாள் பேரூராட்சிக் கூட்ட அறையின் வாசலில் நின்றேன். உள்ளே டீ வருவதற்கு முன்பே மற்ற உறுப்பினர்கள் எல்லோரும் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்கள். ஞானம்மா மட்டும் போடவில்லை.

தலைவர் வெங்கடேசன் எங்கள் தாளை ஆட்டிக் காட்டினார். "ஜனங்களே ஒத்துக்கினாங்க. உனக்கு இன்னாம்மா பேஜாரு?"

"மொத கையெழுத்து போட்டவரு வாசல்லதான் கீறாரு. கூப்ட்டுக் கேளுங்க."

"வெளியாளு உள்ள வந்து பேசக் கூடாது."

"சரி, அவரு வர வாணாம். நான் போறேன்."

நேராக என்னிடம் நடந்து வந்தார். "அண்ணே, குப்பைக்கா கையெழுத்துப் போட்ட?"

அத்தனை பேர் முன்னால் உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனால் அறுபது வீட்டுத் தண்ணீர் நினைவுக்கு வந்தது.

"லைட்டுக்கும்மா. படிக்காமப் போட்டுட்டேன்."

உள்ளே சிலர் சிரித்தார்கள். ஞானம்மா திரும்பினார். "சிரிக்கிறீங்களே, நீங்கல்லாம் இப்ப போட்டீங்களே, படிச்சிட்டா போட்டீங்க?"

மூன்றாம் வார்டு உறுப்பினர் எட்வர்ட் புத்தகத்தை இழுத்து அந்தப் பக்கத்தை அப்போதுதான் படித்தார். படித்துவிட்டு, "இது சரியில்ல தலைவரே," என்றார். பின்னாலேயே நான்கைந்து பேர் எழுந்தார்கள். கிடங்குக்கு வேறு இடம் பார்ப்பது என்று முடிவாயிற்று. எழுத்தர் அதை எழுதி முடிக்கும்வரை ஞானம்மா பக்கத்திலேயே நின்றார். வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போட்டார்.

அவரைக் கும்பிட்டுவிட்டுப் போகலாமென்று காத்திருந்தேன். அடுத்த தீர்மானம் தெருநாய்களைப் பற்றியது. அதிலும் கேள்வி கேட்க ஞானம்மா கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார்.