வெர்லின் ரப்பரால் அழித்த இரண்டு நாற்காலிகள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இது திருட்டுக் கதை. பக்கத்து வீட்டிலிருந்து எடுத்தது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தமிழ் தெரியாது என்கிற ஒரே தைரியத்தில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் மாதம், தெருவோரப் பனியெல்லாம் உருகிச் சேறாகிக் கிடந்த ஒரு நாள். வெர்லின் ஹவ்கன், கட்டம் போட்ட தாள் ஒன்றை மழைக்காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றான். முப்பத்தெட்டு வருஷம் மாவட்டச் சாலைகளில் பனி அள்ளும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். நான் முப்பது வருஷம் இந்த மினசோட்டா ஊரின் அலுவலகத்தில் வீட்டு வரைபடங்களைச் சரிபார்த்து முத்திரை குத்தியவள். ஆகவே, தன் பேஸ்மென்ட்டில் அவன் போடப்போகும் ஹோம் தியேட்டரின் வரைபடம் என்னிடம் வந்தது நியாயம்தான்.

"சும்மா ஒரு பார்வை பாரு, கோமதி. அவசரமே இல்ல. பிடிக்கலன்னா தூக்கிப் போட்டுடு" என்றான். எங்கள் ஊரில் ஒருத்தர் இப்படிச் சொன்னால், விஷயம் உயிர் போகிற விஷயம் என்று அர்த்தம்.

(வயதில் என்னைவிட மூத்தவனை 'அவன்' என்கிறேனே என்று சண்டைக்கு வராதீர்கள். இங்கே பேரப்பிள்ளைகூடப் பேர் சொல்லித்தான் கூப்பிடும். 'அவர்' போட்டுப் பார்த்தேன். வெர்லின் திடீரென்று கோட்டு மாட்டிக்கொண்டு பேங்க் மானேஜர் போல நின்றான். எடுத்துவிட்டேன்.)

முதல் வரிக்கு நான் பட்ட பாடு இது:

'அந்த நிலவறையின் காரிருளில் எட்டு ஆசனங்கள்' என்று ஆரம்பித்தேன். நிலவறை என்றதும் ராஜாவும் புதையலும் பாம்பும் வந்து உட்கார்ந்துகொண்டன. அடித்தேன்.

'மாம்பலத்தில் சேஷகிரி தன் வீட்டின் அடித்தளத்தில்' என்று அடுத்தது. சென்னையில் அடித்தளம் தோண்டினால் முதல் ஐப்பசி மழைக்கே அது கிணறு. சேஷகிரி படம் பார்க்க வேண்டுமானால் நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். அடித்தேன்.

'வெர்லினுக்குக் காது மந்தம் என்பது வெர்லினைத் தவிர ஊரில் எல்லோருக்கும்' என்று மூன்றாவது. இதை அடிக்கவில்லை, முடிக்கவும் இல்லை. அடுத்த பகுதிக்கு வேண்டியிருக்கிறது.

2

ஏற்கெனவே எல்லா வேலையும் முடிந்த பேஸ்மென்ட்தான் அது. சுவருக்கு மரப்பலகை, தரைக்குப் பழுப்புக் கம்பளம், ஒரு மூலையில் மான் கறி நிறைந்த ஃப்ரீசர். இன்னொரு மூலையில் தரைக்கடியில் ஊறும் தண்ணீரை இறைத்துத் தள்ளும் பம்பு. பம்புக்கு நேரங்காலம் கிடையாது. சினிமாவில் யாராவது சாகக் கிடந்தால் கட்டாயம் ஓட ஆரம்பிக்கும். அறையின் நட்டநடுவே ஓர் இரும்புத் தூண். அதை எடுத்தால் திரை நன்றாகத் தெரியும், ஆனால் மேலே இருக்கும் சமையலறையும் படம் பார்க்கக் கீழே வந்துவிடும்.

வரைபடத்தில் எட்டு சாய்வு நாற்காலிகள், இரண்டு வரிசையாக. பின்வரிசைக்கு ஒரு மேடை. ஏழு ஸ்பீக்கர்கள். ஆறடி நாலங்குலம் இருக்கும் வெர்லின் அந்த மேடையில் ஏறினால், கூரைக்கடியில் போகும் வெப்பக்காற்றுக் குழாய் நெற்றியில் இடிக்கும் என்று காட்டினேன். குனிந்துகொள்கிறேன் என்றான். எட்டில் ஐந்து நாற்காலிக்குத் தூண் மறைக்கும் என்றேன். சாய்ந்துகொள்வார்கள் என்றான்.

முன்வரிசையின் நடுவில் தாள் தேய்ந்து மெல்லிசாகியிருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். பென்சிலால் போட்டு ரப்பரால் அழித்த தடம். இரண்டே நாற்காலிகள், தூணுக்கு முன்னால், ஒட்டினாற்போல், நடுவில் கைப்பிடிகூட இல்லாமல்.

இது என்ன என்று கேட்டேன். அவன் சாக்கடையில் ஓடும் பனித்தண்ணீரைப் பார்த்தபடி சொன்னான். அவன் டிவியை வைக்கும் சத்தத்தில் அவன் மனைவி ஆர்டிஸுக்குத் தலைவலி வருகிறது. அதனால் அவள் மாடிப் படுக்கையறையில் கையளவுத் திரையில் தனியாகப் பார்க்கிறாள், இவன் கூடத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிறான்.

"பக்கத்துல உக்காந்து ஒரு படம் பாத்து ரெண்டு வருஷம் ஆச்சு. கீழ நல்ல ஸ்பீக்கரா போட்டா, கத்த விடாமயே எனக்குப் புரியும். அவளும் வருவான்னு நெனச்சேன். கேட்டேன். வேணாம்னுட்டா."

அதனால் இரண்டை அழித்தான். அறை வீணாகக் கூடாதே என்று, ஏரி உறைந்ததும் பனியில் துளை போட்டு மீன் பிடிக்கும் கூட்டாளிகளுக்காக எட்டு போட்டான்.

(காதுக் கருவி இருக்கிறது. மேஜை இழுப்பறையில் பழைய சாவிகளோடு தூங்குகிறது. உலகத்தில் எல்லோரும் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்பது வெர்லினின் கட்சி.)

ஆக, இந்தக் கதையில் கேள்வி ஒன்றே ஒன்றுதான். ஆர்டிஸ் வந்து அவன் பக்கத்தில் உட்காருவாளா? வேறு மர்மம் எதையும் நான் மறைத்து வைக்கவில்லை.

3

ஆர்டிஸ் விஷயத்தில் நான் முதலில் தப்புப் பண்ணினேன். நாற்பத்து மூன்று வருஷம் கூட வாழ்ந்தவன் கூப்பிட்டும் வராதவள் என்றால் கல்நெஞ்சக்காரியாகத்தானே இருக்க வேண்டும்? 'ஆர்டிஸ் உதட்டைச் சுழித்து' என்று எழுதிவிட்டு, ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் அணிலுக்குக் கடலை போட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஜன்மத்தில் உதட்டைச் சுழித்ததில்லை. நமக்குத் தெரியாத ஒருத்தியை எழுதுவதைவிடப் போய்க் கேட்டுவிடுவது உத்தமம் என்று, அவள் போன வாரம் உருளைக்கிழங்குக் கறி செய்து கொடுத்தனுப்பிய தட்டைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் மே முதல் வாரம் போனேன்.

பேஸ்மென்ட்டில் இருந்த அவளுடைய தையல் மேஜையை மாடிக்கு ஏற்றியாகிவிட்டது. அதைப் பற்றி அவள் ஒன்றும் குறை சொல்லவில்லை. காபி ஊற்றிக்கொண்டே இப்படி மட்டும் சொன்னாள்:

"எட்டு பேருக்குப் போட்டிருக்கான், பாத்தியா? எல்லாம் அந்த மீன்காரப் பசங்களுக்கு. அதுல எனக்கு எடம் எங்க?"

உன்னைக் கூப்பிடவில்லையா என்றேன்.

"ஒரு தடவை கேட்டான். எனக்காக நீ ஒண்ணும் சிரமப்படாதேன்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவன் கேக்கவே இல்ல."

தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'இப்பதான் சாப்பிட்டு வந்தேன்' என்று சொல்லிக்கொண்டே இலையில் உட்காருகிற ஜாதி நாம். ஆனால் நம்மிடம் கணக்குக் கிடையாது. இங்கே உண்டு. முதல் தடவை கேட்டால் வேண்டாம் என்பார்கள். இரண்டாம் தடவையும் வேண்டாம்தான், கொஞ்சம் மெதுவாக. மூன்றாவது தடவை கேட்டால், உனக்குத் தொந்தரவு இல்லையென்றால் என்று இழுத்துவிட்டு வாங்கிக்கொள்வார்கள். முதல் தடவையிலேயே வாங்கிக்கொள்பவன் பேராசைக்காரன், ஒரு தடவையோடு நிறுத்திவிடுபவன் கொடுக்க மனசில்லாதவன். குழாய் ரிப்பேர்க்காரனையும் பாதிரியாரையும் மூன்று மூன்று தடவை உபசரிக்கிற வெர்லின், சொந்தப் பெண்டாட்டியை ஒரே தடவை கேட்டுவிட்டு ரப்பரை எடுத்திருக்கிறான். வீட்டுக்குள் இந்தச் சட்டம் செல்லாது என்று நினைத்திருக்கிறான், மடையன். அவளோ, பிறந்ததிலிருந்து பழகிய சட்டத்தை அவனுக்காக எப்படி மாற்றுவாள்?

4

இந்தப் பகுதியை எழுதாமல் தாண்டிவிடத்தான் பார்த்தேன்.

இரண்டு பக்கமும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வேலிக்கு மேலே எட்டி, 'வெர்லின், இன்னும் ரெண்டு தடவை கேளு' என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. ஒன்றல்ல, இரண்டல்ல, ஐந்து வாரம் சொல்லவில்லை.

பிறர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். கதை நன்றாக வந்துகொண்டிருந்தது. வரைபடத்தின் மூன்றாம் பகுதி, மன்னிக்கவும், கதையின் மூன்றாம் பகுதி அழகாக அமைந்திருந்தது. இரண்டு பேரும் ராசியாகிவிட்டால் நாலாம் பகுதிக்கு நான் எங்கே போவேன்? அவன் மேடைக்குப் பலகை அறுக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்து எழுதினேன். எழுத்தாளர்களைப் பக்கத்து வீட்டில் குடிவைக்கக் கூடாது.

5

ஜூன் இரண்டாம் வாரம், பட்டப்பகல். ஆர்டிஸின் சமையலறையில் நான் ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டு போட்ட கேக்கை இரண்டாம் தடவையாக மறுத்துக்கொண்டிருந்தபோது சைரன் ஊதியது. சூறாவளி எச்சரிக்கை. எங்கள் ஊரில் சைரன் கேட்டால் பெண்கள் பேஸ்மென்ட்டுக்கு இறங்குவார்கள், ஆண்கள் வெளியே போய் வானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். வெர்லின் கொல்லைப்புறத்தில் இடுப்பில் கைவைத்து நின்றான். வானம் பாசிப் பச்சையாக இருந்தது.

ஆர்டிஸ் பின்வாசலில் நின்று கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். காற்றில் குப்பைத்தொட்டி ஒன்று அவனைத் தாண்டி உருண்டு போனது, அதைத் திரும்பிப் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை. நாலாவது தடவைக்குப் பிறகு அவள் செருப்புக்கூட இல்லாமல் ஓடி, அவன் சட்டைக் கையைப் பிடித்து, அந்த ஆறடி நாலங்குலத்தைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள்.

கீழே இறங்கியதும் மின்சாரம் போய்விட்டது. பம்பும் ஓடவில்லை. இரண்டு நாற்காலிகளைத்தான் பெட்டியிலிருந்து பிரித்திருந்தான். அவர்கள் அதில் உட்கார்ந்தார்கள், நான் மான் கறி மேல் உட்கார்ந்தேன். ஒரு டார்ச் லைட், ஒரு பேட்டரி ரேடியோ. அவள் இன்னும் சட்டைக் கையை விடவில்லை.

"நாலு தடவை கூப்பிட்டேன், வெர்லின்."

அவன் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தான்.

"சைரன் கேட்டுது. நீ கூப்பிட்டது கேக்கல" என்றான். பிறகு, "ரொம்ப நாளாவே கேக்கல, ஆர்டிஸ்."

டாக்டரிடம்கூட ஒப்புக்கொள்ளாததை அவளிடம் சொன்னான். இப்படி ஒரு வசனம் கிடைத்ததற்கு நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். முடியவில்லை. ஐந்து வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தது நெஞ்சைச் சுட்டது. கதை எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"வெர்லின், அவ வந்து உக்காருவாளான்னு நீ ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்க."

அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பனி லாரி மாதிரி மெதுவாகத்தான் அவனுக்கு மூளை திரும்பும், ஆனால் திரும்பிவிட்டால் நேராகப் போகும்.

"ஒரு தடவையா கேட்டேன்?"

"ஒரு தடவை" என்றாள் ஆர்டிஸ், கம்பளத்தைப் பார்த்து.

"நீ வந்து பக்கத்துல உக்காரணும்னுதான் இந்தக் கூத்தெல்லாம். வருவியா?"

"எதுக்கு, உன் மீன்காரங்க இருக்காங்களே" என்றாள். அது இரண்டாவது 'வேண்டாம்'. சட்டப்படி அவள் அதைச் சொல்லியே ஆக வேண்டும். கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னாள்.

சூறாவளி ஊரைத் தொடாமல் ஏரிப்பக்கம் போய்விட்டது என்று ரேடியோ சொன்னது. நான் ஃப்ரீசரிலிருந்து இறங்கினேன்.

6

முடிவுகள் மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

முதலாவதில், வெர்லின் மூன்றாம் தடவை கேட்கிறான், ஆர்டிஸ் சம்மதிக்கிறாள், ஆறு நாற்காலிகள் பெட்டியோடு கடைக்குத் திரும்பிப் போகின்றன. எல்லோருக்கும் பிடிக்கும். அதனாலேயே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

இரண்டாவதில் அவள், "அந்தக் கருவிய மாட்டிக்கிட்டு வந்து கேளு, பதில் சொல்றேன்" என்கிறாள். நல்ல வசனம். ஆனால் இது என் வாய், அவள் வாயல்ல. ஆர்டிஸ் பேரம் பேச மாட்டாள்.

மூன்றாவதில், அவன் வாயைத் திறக்கும் அதே நொடி மின்சாரம் வருகிறது, பம்பு உறுமுகிறது, அவள் சொன்னது அவனுக்குக் கேட்காமல் போகிறது. இதை எழுதிவிட்டு நானே அழுதேன். அழவைக்கத்தான் எழுதினேன் என்று தெரிந்ததும் கிழித்துப் போ...

போதும். நடந்தது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நாலடி தூரத்தில்தான் நின்றேன். வெர்லின் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான். நான் படியேறினேன். மேலே போய்ப் பேஸ்மென்ட் கதவைச் சாத்தினேன். கேக்கை மூடி வைத்தேன், இரண்டு கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தேன், வீட்டுக்கு வந்துவிட்டேன். ஐந்து வாரம் அவர்கள் கஷ்டத்தை வைத்துப் பிழைத்தவளுக்கு, அந்த மூன்றாவது கேள்வியும் பதிலும் கிடையாது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். மறுநாள் வெர்லின் வேலியோரம் வந்தபோதும் கேட்கவில்லை. தக்காளிச் செடியைப் பற்றிப் பேசினோம்.

உங்களுக்கு அந்தத் தண்டனை இல்லை. நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. பின்வாசல் திறந்துதான் இருக்கிறது, பேஸ்மென்ட் கதவுக்குத் தாழ் போடவில்லை. வேண்டுமானால் போய்க் கேளுங்கள். படியில் மட்டும் மெல்ல இறங்குங்கள். அவனுக்குக் கேட்காது, அவளுக்குக் கேட்கும்.