நன்றியுரை நீக்கப்பட்ட கூட்டம்

கூட்டங்களைச் சுருக்குவது எப்படி என்று பேசுவதற்கான கூட்டம் தொடங்கியபோது சாரதாமணியின் மகள் சுபிக்ஷா இரண்டாம் வகுப்பில் இருந்தாள். டீ வரும்போது ஐந்தாம் வகுப்புக்குப் போயிருந்தாள். டீ சூடாகத்தான் இருந்தது. அந்தக் கம்பெனி டீயை யாரும் குறை சொல்ல முடியாது.

கோயம்புத்தூரில் கிரைண்டர் செய்கிற கம்பெனி அது. சாரதாமணிக்குக் கொள்முதல் பிரிவில் வேலை. கூட்ட அறையின் ஜன்னலுக்கு நேர் எதிரே பள்ளிக்கூடத்தின் கேட். முன்பெல்லாம் அந்தப் பள்ளிக்கூடம் பீளமேட்டில் இருந்தது. இவள் மகளை நினைக்க நினைக்க, நகர்ந்து நகர்ந்து வந்து எதிரே நின்றுவிட்டது. வந்து என்ன பிரயோஜனம்? பார்க்க முடிந்தது, போக முடியவில்லை. மணி அடித்து எல்லாப் பிள்ளைகளையும் யாராவது வந்து கூட்டிப் போய்விட்டார்கள். சுபிக்ஷா மட்டும் பையை மாட்டிக்கொண்டு நின்றாள்.

கூட்டத்தை நடத்தியவர் ரகோத்தமன். கூட்டங்களைச் சீர்படுத்துவதற்கென்றே வெளியூரிலிருந்து வரவழைத்த ஆள். வந்ததும் வரவேற்புரையை நீக்கினார். யாருக்கும் வருத்தமில்லை. குத்துவிளக்கை நீக்கினார். பொன்னாடையை நீக்கினார், மேலாளர் குமரவேலுக்கு மட்டும் முகம் கொஞ்சம் வாடியது. கடைசியாக நன்றியுரையை நீக்கினார். அறையில் இருந்த கம்பெனி ஆட்கள் மூன்று பேரும் கை தட்டினார்கள். சாரதாமணி மற்றவர்களைவிடப் பலமாகவே தட்டினாள், சீக்கிரம் கிளம்பலாம் பாருங்கள்.

தட்டிவிட்டுத் திரும்பினால் கதவைக் காணோம். அந்த இடத்தில் சுவர் இருந்தது. வெள்ளையடித்து, காலண்டர்கூட மாட்டியிருந்தது.

"கதவு எங்கீங்க?" என்றாள்.

"நன்றி சொல்லாம கதவு எப்படிம்மா வரும்?" என்றார் டெஸ்பாட்ச் சென்னியப்பன். "நன்றி சொன்னாத்தான கூட்டம் முடியும்? முடிஞ்சாத்தான எந்திரிச்சுப் போவ முடியும்?"

"அப்ப நன்றியுரைய மறுக்கா வெச்சுக்கலாமுங்க."

ரகோத்தமன் விரலை உயர்த்தினார். "முடிவான விஷயத்த மறுபடி எடுக்கக் கூடாது. அதான் முதல் விதி."

"எம்புள்ள கேட்டுல நிக்குதுங்க சார்."

"அஜெண்டால இருக்கா?"

இல்லை. அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

இப்படி மிச்சம் பிடித்த நேரமெல்லாம் மூலையில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. அதிலிருந்து ஒரு கைப்பிடி கேட்டாள். ஆடிட்டர் வந்து பார்க்காமல் தொடக்கூடாது என்றார் குமரவேல். வெளியே சுபிக்ஷாவின் கவுன் சுடிதார் ஆகியிருந்தது. பை மட்டும் அதே பை. சாரதாமணி ஜன்னல் கண்ணாடியைத் தட்டினாள். பிள்ளை கையை ஆட்டியது.

விதியாவது மண்ணாங்கட்டியாவது என்று எழுந்துவிட்டாள்.

"இந்தக் கூட்டத்துக்கு வருகை தந்து சிறப்பித்த சென்னியப்பண்ணனுக்கு என் மனமார்ந்த நன்றிங்க!"

சுவரில் கதவு வந்தது. சென்னியப்பன் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு, "வர்றனுங்க" என்று போய்விட்டார். இவள் பின்னாலேயே ஓடினாள். நெற்றி சுவரில் மோதிக் காலண்டர் ஆடியது. நன்றி வாங்கியவருக்கு மட்டும்தான் கதவு.

குமரவேலுக்கும் சொல்லிப் பார்த்தாள். மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார். கதவு மறுபடி சுவரானது. மிச்சம் ரகோத்தமன் ஒருவர்தான்.

"மொதல்ல நீங்க எனக்கு நன்றி சொல்லுங்க சார்."

"நன்றி சொல்ற ஆளுக்கு யாரும்மா நன்றி சொல்வாங்க? எந்த மேடையிலயாவது கேட்டிருக்கீங்களா?"

யோசித்துப் பார்த்தாள். எந்தக் கல்யாண மண்டபத்திலும், எந்த ஆண்டு விழாவிலும் கேட்டதில்லை.

"செரி, நான் உங்களுக்குச் சொல்றேன். நீங்க போயி எம்புள்ளைய உள்ள அனுப்புங்க. அவ எனக்குச் சொல்லட்டும். அவளக் கையில புடிச்சுட்டு நானும் போயிர்றேன்."

ரகோத்தமன் வாக்குத் தவறுகிற ஆள் இல்லை. நன்றியை வாங்கிக்கொண்டு போனார். பள்ளிக்கூடக் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, அறையைக் கைகாட்டிப் பேசுவது ஜன்னலில் தெரிந்தது.

கதவு திறந்தது. சுபிக்ஷா வந்தாள். பருத்திப் புடவை கட்டியிருந்தாள். கழுத்தில் இந்தக் கம்பெனியின் அடையாள அட்டை, தோளில் அதே பள்ளிக்கூடப் பை. அவளுக்குப் பின்னால் சுவர் மூடிக்கொண்டது.

"அம்மா, ரொம்ப நேரமா கூட்டமா?"

"ஆமா சாமி. நீ அம்மாளுக்கு ஒரே ஒரு நன்றி சொல்லு. சொன்னாப் போதும், போயிரலாம்."

சுபிக்ஷா சிரித்தாள். சின்ன வயசில் சிரித்த அதே சிரிப்பு.

"லூசாம்மா நீ? பெத்த அம்மாளுக்கு ஆராச்சும் நன்றி சொல்லுவாங்களா? நாமென்ன அசலாளுங்களா?"

"சும்மா வாய் வார்த்தைக்குச் சொல்லு கண்ணு."

"போம்மா. எனக்கு வாயே வரல."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்றிருந்தது. எத்தனை காலமாக வெளியே நின்ற கை!

தான் ஒரு நன்றி சொன்னால் போதும், மகளாவது வெளியே போய்விடுவாள். சாரதாமணிக்கு அது தெரியும். வாயைத் திறந்தாள். மகள் தோளில் தலையைச் சாய்த்தாள். சாரதாமணி வாயை மூடிக்கொண்டாள்.

"செரி, எதப் பத்தி பேசறோம்?" என்றாள் சுபிக்ஷா.

டீ வந்தது. இரண்டு கிளாஸ். சூடாகத்தான் இருந்தது.