மூன்றாவது பூட்டு

கணவர் இறந்து ஆறாவது வாரம், அவருடைய கணினியில் பத்திரிகைக்காரரின் கடிதம் ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. பூட்டிய கடிதம். தலைப்பில் வழக்கம்போல "வணக்கம்" மட்டும். கடிதத்தை எவ்வளவு பூட்டினாலும் தலைப்பு திறந்தேதான் போகும், அங்கே வாயைத் திறக்கக் கூடாது என்பது கணவர் போட்ட முதல் சட்டம்.

அவர் குடிநீர் ஆய்வுக்கூடத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவர். அங்கே ஆய்வு முடிவுகள் மறையாக்கிய, அதாவது பூட்டிய, மின்னஞ்சலில்தான் போகும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒவ்வொருவரும் தன் பொதுச்சாவியின் கைரேகையை, அந்த நாற்பது எழுத்தையும் எண்ணையும், எதிரே உட்கார்ந்து வாய்விட்டு வாசிக்க வேண்டும். கேட்பவர் தாளில் டிக் அடித்துக்கொண்டே வந்து, "இது இவருடையதுதான்" என்று தன் சாவியால் ஒப்பமிடுவார்.

"பொண்ணு பாக்க வந்தப்பகூட என்னை இவ்வளவு விசாரிக்கலையே," என்று அவள் கேலி செய்வாள்.

"விசாரிச்சிருக்கணும். ஏமாந்துட்டேன்," என்பார் அவர். பிறகு விளக்குவார். "பொதுச்சாவின்னா திறந்து வச்ச பூட்டு மாதிரி. யார் வேணா எடுத்துப் பூட்டி அனுப்பலாம். திறக்கிறதுக்கு எங்கிட்ட இருக்கிற தனிச்சாவியால மட்டும்தான் முடியும்."

அலுவலகம் மாற்றி எழுதிய ஆய்வு முடிவுகளின் அசலை அவர் பத்திரிகைக்காரருக்கு அனுப்பினார். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நண்பர். ஒரு வரிகூட அச்சாகவில்லை, அதற்குள் ஆய்வுக்கூட இயக்குநர் அவரைக் கூப்பிட்டு, அவர் எழுதிய வாக்கியங்களை அவருக்கே வாசித்துக் காட்டினார். வேலை போனது. நான்கு மாதத்தில் இதயமும் கைவிட்டது.

அந்த நான்கு மாதத்தில் அவர் அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நீ யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்லங்க."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நம்பினாரா இல்லையா என்று கடைசிவரை தெரியவில்லை.

புதுக் கடிதத்தில் இருந்தது இதுதான்: "தங்கச்சி, எல்லாத்தையும் எழுதினாதான் அவன் பட்ட பாட்டுக்கு அர்த்தம். தண்ணி எடுத்துக் கொடுத்த அந்த வாத்து யாருன்னு மட்டும் சொல்லு. பேரை வெளியிட மாட்டேன்."

வாத்து என்பது முழங்கால் தண்ணீரில் இறங்கி மாதிரி எடுக்கும் பெண்ணுக்குக் கணவர் வைத்த பெயர். அந்தப் பெண்ணுக்கு இன்னும் வேலை இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது யார் என்று இயக்குநருக்குத் தெரியாது.

மனைவி பதில் எழுத உட்கார்ந்தாள். உண்மைப் பெயரின் முதல் மூன்று எழுத்து விழுந்தது. அனுப்புவதற்கு முன் பூட்டுக் குறியை அழுத்தி, யார் யாரால் திறக்க முடியும் என்று பார்க்க வேண்டும், அதுவும் சட்டம். பழக்கமில்லாத கை, தன் கடிதத்தின் பூட்டை விட்டுவிட்டு வந்த கடிதத்தின் பூட்டை அழுத்திவிட்டது.

பட்டியல் விரிந்தது. கணவரின் சாவி. அடுத்து பத்திரிகைக்காரரின் சாவி. அது சரி, அனுப்பியவர் பின்னால் தானும் படித்துப் பார்க்க வேண்டுமே. மூன்றாவதாக இயக்குநரின் சாவி. பக்கத்தில் பச்சை டிக், கணவரே எதிரே உட்கார்ந்து சரிபார்த்து வைத்தது.

கடிதத்தின் மேலே இயக்குநர் பெயரே இல்லை. திரையோரம் கணவர் ஒட்டிவைத்த தாளில் நான்காவது வரியைப் பார்த்தாள். "மறைபிரதி (BCC) போடாதே. பெயரை மறைக்கலாம், பூட்டு காட்டிக்கொடுத்துவிடும்."

பழைய கடிதங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். இரண்டாவது கடிதத்திலிருந்தே மூன்று பூட்டு. ஊரில் உள்ள எல்லோருடைய கடிதத்தையும் அழுத்திப் பார்த்த மனிதர், நண்பனுடையதை மட்டும் ஒருமுறைகூட அழுத்திப் பார்க்கவில்லை. கீழே தான் எழுதியது முழுவதும் அப்படியே சேர்ந்து வந்த பதில்களைக்கூட. இயக்குநர் வாசித்துக் காட்டியது அதைத்தான்.

அவள் போன் செய்தாள்.

"அண்ணா, அனுப்புறதுக்கு முன்னாடி உங்க கைரேகையைச் சரிபாக்கணும். வாசிங்க."

"எங்கிட்டயேவா? அவன் கிறுக்கு உனக்கும் தொத்திக்கிச்சா!" சிரித்துக்கொண்டே நான்கு நான்காக வாசித்தார். அவள் டிக் அடித்தாள்.

"சரியா இருக்கு. இப்ப இயக்குநரோடதையும் வாசிங்க."

மறுமுனையில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்த கரண்டி நின்றது.

"யார் சொன்னது உனக்கு?"

"நீங்கதான். ஒவ்வொரு லெட்டர்லயும் சொல்லியிருக்கீங்க."

"தங்கச்சி, எதிர்த்தரப்பையும் கேக்கணும்ல? அதுதான் எங்க தொழில் முறை."

"கேக்குறவங்க கேள்வி கேப்பாங்க. நீங்க லெட்டரையே தூக்கிக் குடுத்திருக்கீங்க."

"கூப்பிட்டுக் கண்டிப்பாங்க, அதோட விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். வேலையவே பறிப்பாங்கன்னு..."

"அவர் என்னைக் கேட்டாரு. யாருகிட்டயாவது சொன்னியான்னு. அப்ப நீங்க கட்டில் பக்கத்துல உக்காந்து ஆப்பிள் நறுக்கிட்டிருந்தீங்க, அண்ணா."



போனை வைத்ததும் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. பத்திரிகைக்காரரின் சாவியில் கணவரின் ஒப்பம் இருக்கிறது. யாரையும் நம்பாத வாத்து, அந்த ஒப்பத்தை நம்பி நேராகவே அவருக்கு எழுதிவிடுவாள்.

சாக சில நாள் முன்பு கணவர் காதில் சொன்ன ஏழு சொல் கடவுச்சொல்லை அவள் மறுபடி தட்டினாள். ஆய்வுக்கூடத்தார் எல்லோரும் பார்க்கும் சாவிப் பட்டியலில் அந்த ஒப்பத்தைத் திரும்பப் பெற்றாள். காரணம் என்ன என்று மென்பொருள் கேட்டது. எழுதினாள்: "எதிரே உட்கார்ந்து சரிபார்த்தது கைரேகையை மட்டும்தான்."

மறுநாள் மதியம் பூட்டிய கடிதம் ஒன்று வந்தது. படிப்பதற்கு முன் பூட்டை அழுத்தினாள். கணவருடையது ஒன்று, வாத்தினுடையது ஒன்று. அவ்வளவுதான்.

"பாத்துட்டேன் அக்கா. பாதி எழுதியிருந்தேன் அவருக்கு. தூக்கிப் போட்டாச்சு."

திரையில் அவளுடைய பழைய பதில் இன்னும் திறந்தே கிடந்தது. அந்த மூன்று எழுத்தை ஒவ்வொன்றாக அழித்தாள்.