அக்கரைக்குப் போன டிராக்டர்

படகு எஞ்சின் பொருத்திய அந்த டிராக்டர் உழுத இடத்தில் சால் நிற்கவில்லை. கலப்பை கடந்ததும் மண் தண்ணீரைப்போலக் கூடி, சின்னதாக ஓர் அலை அடித்து, மூடிக்கொண்டது. தூவிய விதையெல்லாம் மூழ்கிப்போனது. பக்கத்து வயல்காரர்கள் வந்து பார்த்தார்கள். இந்த வருஷம் மழை பரவாயில்லை என்று பேசிவிட்டுப் போனார்கள்.

டிராக்டர்காரருக்கு ஊர் வைத்த பெயர் அவசரம். அரிசி உலையில் விழுமுன் கை கழுவிவிட்டு உட்கார்கிற ஆள். உழவு நேரத்தில் அவருடைய பழைய எஞ்சின் வெடித்து நின்றது. ஆற்றில் கவிழ்ந்து, கரையில் இழுத்துப் போட்டிருந்த பயணிகள் படகில் ஒரு டீசல் எஞ்சின் கிடந்தது. அந்தப் படகோடு போனவர்களில் அவசரத்தின் மைத்துனனும் ஒருவன். மற்றவர்கள் உடலெல்லாம் கிடைத்தது, அவனுடையது மட்டும் கிடைக்கவில்லை. அவன் அக்கா, அதாவது அவசரத்தின் மனைவி, அன்றிலிருந்து அரைவயிறுதான் சாப்பிட்டாள். தம்பி கரையேறாமல் கிடந்தால் எந்த அக்காவுக்குத்தான் சோறு இறங்கும்?

அதை டிராக்டருக்கு மாற்ற அவசரம் கூட்டிவந்த பட்டறைக்காரர், எஞ்சினைப் பிரித்துத் துடைத்துக் கிளப்பியதோடு நிறுத்திக்கொண்டார். விபத்தில் நின்ற எஞ்சினை அதன் பழைய உடம்பிலேயே, அதாவது அந்தப் படகிலேயே, ஒருதரம் ஓடவிட்டு, டீசல் தீர்ந்து தானாக அடங்கிய பிறகே இறக்குவது அந்தப் பட்டறை வழக்கம். போன காரியம் முடிந்தது என்று அதற்குத் தெரிய வேண்டுமாம். "ஒரு பொழுது பொறுங்க" என்றார். "ஈரம் காயுது, உங்க சாஸ்திரத்தை அப்புறம் வச்சுக்கங்க" என்று அவசரம் கத்தினார். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை. நடுவில் இரும்புத் தகடு வைத்து, துளைபோட்டு, எஞ்சினைக் கியர்பாக்ஸோடு முடுக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

அதன்பிறகு தினமும் பொழுது சாய்கிற நேரத்தில், அந்தப் படகு வழக்கமாகப் புறப்பட்ட அதே நேரத்தில், சாவி போடாமலே டிராக்டர் கிளம்பியது. நடு வயல்வரை போய்த் தத்தளித்துத் திரும்பி வந்தது. மட்கார்டின்மேல் மைத்துனன் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான், அவ்வளவுதான். அக்கா வரப்பில் நின்று வீட்டுக் கதையெல்லாம் சொன்னாள். அவள் முழுவயிறு சாப்பிட ஆரம்பித்ததைப் பார்த்து அவசரம் முதலில் சந்தோஷப்பட்டார். பிறகு ஒருநாள் அவள் புடவை முந்தானையும் ஈரமாக இருப்பதைக் கண்டார்.

பட்டறைக்காரரிடம் ஓடினார். "இப்பவாச்சும் டீசல் தீர ஓடவிடுங்க. பயணம் முடிஞ்சா அடங்கிடும்" என்றார் பட்டறைக்காரர். ஆனால் எத்தனை நாள் ஓடியும் டாங்க் காலியாகவில்லை. பயணம் முடிந்தால் தம்பி வரமாட்டான் என்று அவளுக்கும் தெரியுமே. கேனைத் தூக்கிக்கொண்டுபோய் தினமும் ஊற்றிவந்தாள். அவசரம் கேன்களை அறையில் போட்டுப் பூட்டினார். அவள் சண்டை போடவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

கடைசிச் சொட்டு டீசலோடு டிராக்டர் கிளம்பிய மாலையில் மைத்துனன் மட்கார்டில் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டான். "ஏறுக்கா" என்றான். அவள் ஏறிக்கொண்டாள்.

"அடியே, இறங்குடி!"

"சோறு அடுப்புல இருக்கு. நீங்க சாப்பிட்டுப் படுங்க. இவனைத் தனியா அனுப்ப மனசு வரல."

அவர் வயலுக்குள் பாய்ந்தார். மண் கழுத்துவரை ஏறியது. அக்கம்பக்கத்தார் கயிறு போட்டு இழுத்தார்கள். டிராக்டர் இந்தமுறை நடு வயலில் நிற்கவில்லை. அக்கரை வரப்புவரை சத்தம் கேட்டது, பிறகு அடங்கியது. சுற்றிக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தால், வரப்பில் டிராக்டரும் இல்லை, ஆட்களும் இல்லை.

மறுநாள் மண் கெட்டிப்பட்டது. போன விதையெல்லாம் மேலே வந்து முளைத்தது, விளைச்சலும் நன்றாகவே இருந்தது. அவசரம் இப்போதும் சாயங்காலமானால் உலர்ந்த துண்டு ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு வரப்பில் போய் உட்காருகிறார். வந்தாச்சா என்று போகிறவர்கள் கேட்பார்கள்.

"என்ன அவசரம்? மெதுவா வரட்டும்" என்பார்.