அசல் ஆட்கள்

பத்தேகாலுக்கு விஷ்னெவ்ஸ்கி அம்மையார் சவப்பெட்டி மூடியின் கடைசித் திருகை முடுக்கினார். கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். பெட்டிகள் விற்பதும் அடக்கம் நடத்துவதும் அவருக்கு அப்பா வழியாக வந்த தொழில்.

"பாதிரியார் இல்ல. சரிதானே?"

"இல்ல. அப்பா வேண்டாம்னுட்டார்" என்றாள் மாரென்.

"பாட்டு?"

"அதையும் வேண்டாம்னுட்டார்."

"இசைக்காரர்னு சொன்னீங்க?"

"அதனாலதான்."

அம்மையார் தலையசைத்தார். "அப்ப தூக்குறவங்கதான் பாக்கி. வந்தாச்சான்னு பாத்துக்கங்க. பன்னெண்டுக்கு எனக்கு அடுத்தவர் இருக்கார்."

வழக்கமாக அந்த வேலைக்கு அவரிடமே ஆட்கள் உண்டு. கறுப்புக் கோட்டும் உயர்ந்த தொப்பியும் போட்டுக்கொண்டு வந்து, இறக்கிவிட்டு, குழிக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி ஒருமுறை குனிந்துவிட்டுப் போவார்கள். டூயிஸ்பர்க் நகரத்தில் யார் செத்தாலும் அவர்கள்தான். மாரெனின் அப்பா ஃபோல்கர் அவர்களை வேண்டாமென்று சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில், ஆக்சிஜன் குழாயை மூக்கிலிருந்து இழுத்துவிட்டுச் சொன்னார்.

"அந்தத் தொப்பிக்காரனுங்க என்னைத் தொடக் கூடாது. பேண்ட் ஆளுங்க தூக்கட்டும்."

"எந்த பேண்ட்ப்பா?"

கிண்டலுக்காகக் கேட்கவில்லை. ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் மதியம் அவள் வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போய்விட்டார். அவளுடைய ஒரு கை இன்னும் கோட்டுக்குள்ளேயே இருந்தது.

நாலாவது ஷிப்ட் என்பது பேண்டின் பெயர். ஃபோல்கர் வேலை பார்த்த உருக்காலையில் மூன்று ஷிப்ட்தான். மூன்றும் முடிந்தபின் உடை மாற்றும் கூடத்தில் இரும்புத் தகட்டையும் எண்ணெய்ப் பீப்பாயையும் அடித்துக்கொண்டு ஆரம்பித்தது இது. பிறகு கிதார் வந்தது, சாணை பிடிக்கும் யந்திரம் வந்தது, மேடையில் தீப்பொறி பறந்தது. லைப்சிக், வார்சா என்று போனார்கள். ஒரு காலத்தில் பெரிய அரங்குகள் நிறைந்தன. பிறகு சின்ன அரங்குகள். ஆல்பத்துக்கு ஆல்பம் அட்டையில் முகங்கள் மாறின. ஃபோல்கர் மட்டும் எல்லா அட்டையிலும் இடது ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த பேண்டிலிருந்து விலகியவர் என்று ஒருவரும் கிடையாது. விலக்கப்பட்டவர்கள்தான்.

கடைசியில் அவரோடு மிஞ்சியவன் கூபா. பாடகன். ஒருவன் எப்படித் தூக்குவான்? மாரென் அப்பாவின் போனைத் திறந்து, பேண்ட் என்று குறித்திருந்த பெயர்களுக்கெல்லாம் ஒரே செய்தியை அனுப்பினாள். ‘புதன்கிழமை அடக்கம். நாலாவது ஷிப்ட்டின் அசல் ஆட்கள் தூக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை.’ அசல் என்ற சொல் அவளுடையது. கூலிக்கு வருபவர்கள் இல்லாமல் நீங்கள் என்ற அர்த்தத்தில் எழுதினாள். இரண்டு பேர் வந்தால் அதிகம் என்று நினைத்தாள்.

பக்கத்து அறையின் கதவைத் திறந்தாள். ஈரக் கோட்டு வாடையும் சிகரெட் வாடையும் வந்தன. அறை நிறைய ஆண்கள். எல்லாரும் கறுப்பில். சாவுக்கென்று கறுப்பு வாங்கும் தேவை அவர்களில் ஒருவருக்கும் இருந்திருக்காது.

"அசல்னா முதல் ஆல்பம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார் எக்கி. வழுக்கைத் தலை, கழுத்தில் பச்சை குத்தியிருந்தது. "அதுல பாஸ் கிதார் யாரு? நான். இதுல என்ன பேச்சு?"

"உன் முதல் ஆல்பத்தை யாருடா வாங்கினா? உங்கம்மா" என்றார் செங்கிஸ். "ஜனங்களுக்கு நாலாவது ஷிப்ட்னா மூணாவது ஆல்பம். அதுல கிதார் நான்."

"அதுக்கப்புறம் உன்னைத் தூக்கிட்டான்."

"திருப்பிக் கூப்பிட்டானே."

"திருப்பியும் தூக்கினான்."

"அதைத்தான் சொல்றேன். ரெண்டு தடவ தூக்கினான். நியாயமாப் பாத்தா பெட்டியை இறக்க எனக்கு ரெண்டு கயிறு." செங்கிஸ் மாரெனைப் பார்த்துவிட்டார். "வா கண்ணு. உங்கப்பன் எங்களை ஒவ்வொருத்தனாத் தூக்கினான். இப்ப நாங்க எல்லாரும் சேர்ந்து அவனைத் தூக்கணுமாம். நல்லா இருக்கு கதை."

சிரித்தார்கள். மாரெனுக்கும் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. மூன்று நாளாக அவள் சரியாகத் தூங்கவில்லை. முகங்களைப் பார்த்தாள். சின்ன வயதில் இவர்கள் எல்லாரும் அவளுக்கு மாமாக்கள். ஞாயிற்றுக்கிழமை வருவார்கள், உருளைக்கிழங்கு சாலடை வழித்துத் தின்பார்கள், அவளைத் தோளில் ஏற்றிக்கொள்வார்கள். பிறகு ஒருவர் வரமாட்டார். அவர் பெயரைச் சொன்னால் அப்பா ரேடியோவைச் சத்தமாக வைப்பார். புது மாமா வருவார்.

அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்ப் பக்கம் ஒரு கனத்த ஆள் கையைப் பாக்கெட்டில் விட்டு நின்றிருந்தார். அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"அவன் ஹார்ட்முட்" என்றார் எக்கி, தணிந்த குரலில். "பின்னால டவுன் பஸ் ஓட்டினான். ஆலையில உங்கப்பாவும் அவனும்தான் ஆரம்பிச்சது. டிரம்ஸ்."

"நான் பாத்ததே இல்லையே."

"எப்படிப் பாத்திருப்ப? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டான். ஆல்பம் போடற நேரம் ஃபோல்கர் டிரம் மெஷின் வாங்கிட்டான். அது லேட்டா வராது, குடிக்காது, எதிர்த்துப் பேசாது."

"உன்னை மாதிரி இல்ல" என்றார் செங்கிஸ்.

மேசையில் அம்மையார் வைத்துவிட்டுப் போன பிளாஸ்க் இருந்தது. நவம்பர் குளிர். பலபேர் கிரேஃபெல்டிலிருந்தும் பீலஃபெல்டிலிருந்தும் வண்டி ஓட்டி வந்திருந்தார்கள். மாரென் ஒரு கோப்பையில் ஊற்றி எக்கியிடம் நீட்டினாள்.

"முதல்ல ஒரு காபி குடிங்க."

எக்கி கோப்பையை வாங்கவில்லை. மற்றவர்கள் கோப்பையையே பார்த்தார்கள்.

"என்னையா?" என்றார்.

"ஏன்? காபி குடிக்க மாட்டீங்களா?"

செங்கிஸ்தான் முதலில் சிரித்தார். பிறகு அவரும் நிறுத்திவிட்டார்.

"அவளுக்குத் தெரியாதுடா" என்றார். "கண்ணு, உங்கப்பா ரிகர்சல் ரூம்ல பீர் குடுப்பான். பஸ்ல பீர் குடுப்பான். காபி கிடையாது. சனிக்கிழமை மத்தியானம் போன் பண்ணி, வீட்டுக்கு வா, ஒரு காபி குடிச்சிட்டுப் போன்னான்னா முடிஞ்சது. கோட்டைக் கழட்டவே வேணாம்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும். உங்கப்பன் வேற ஒரு வார்த்தை சொல்லமாட்டான். நாமளே குடிச்சிட்டு, நாமளே எந்திரிச்சு, ரிகர்சல் ரூம் சாவியை மேசையில வெச்சிட்டு வந்துடணும்."

"நீதான் கொண்டு வருவ" என்றார் எக்கி. கோபமில்லாமல் சொன்னார். "இத்தனை உசரம் இருப்ப. ரெட்டைப் பின்னல். சக்கரை எத்தனைன்னு கேப்ப."

மாரெனுக்குத் தட்டு நினைவுக்கு வந்தது. ஓரம் சிவப்பு. சனிக்கிழமைகளில் அம்மா அதை அவளிடம் கொடுத்துக் கூடத்துக்கு அனுப்புவாள். காபிக்கு அழைக்கப்படும் மாமாதான் அப்பாவுக்கு மிகவும் வேண்டியவர் என்று அவள் நினைத்திருந்தாள். அதற்கப்புறம் அவர் ஏன் வருவதில்லை என்பதைத் தட்டோடு சேர்த்து அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

"எனக்குத் தெரியாது" என்றாள்.

"தெரிஞ்சிருந்தா என்ன, ஒரு சக்கரை கூடப் போட்டிருப்பியா?" என்றார் செங்கிஸ். அவள் கோப்பையை மேசையில் வைத்தாள்.

அம்மையார் உள்ளே வந்தார். கயிறுகள் அவர் கையில் இருந்தன.

"மூணு கயிறு, ஆறு முனை. ஒண்ணு மகளோடது. அஞ்சு பேர் வேணும்." ஆட்களை ஒரு பார்வை பார்த்தார். இந்தப் பார்வைக்கு அவர் பழகியவர். "முதுகுல ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க கையைத் தூக்குங்க."

கைகள் எழுந்தன. எக்கியின் கையும் மெதுவாக எழுந்தது.

"எனக்கு ரெண்டு டிஸ்க் போயிடுச்சு."

"நமக்கு எல்லா டிஸ்க்கும்தான் போச்சு" என்றார் செங்கிஸ்.

"நெஞ்சுல கருவி வெச்சவங்க? குடலிறக்கம்? கூச்சப்படாதீங்க, குழியில கூச்சப்பட்டா கஷ்டம்."

இன்னும் சிலர் சுவரோரம் போய் நின்றார்கள். முதல் ஆல்பம், மூன்றாவது ஆல்பம் என்ற பேச்சு அத்தோடு அடங்கியது. நடுவில் ஆறு பேர் மிஞ்சினார்கள். கூபா, செங்கிஸ், கிதார் வாசித்த இரண்டு பேர், கீபோர்டு வாசித்த ஒருவர். குழாய்ப் பக்கத்திலிருந்து நகர்ந்து வந்திருந்த ஹார்ட்முட்.

"ஒருத்தர் அதிகம்" என்றார் அம்மையார். "நீங்கதான் சொல்லணும்மா."

எல்லாரும் மாரெனைப் பார்த்தார்கள். இப்படித்தான் அப்பாவையும் பார்த்திருப்பார்கள் என்று அவளுக்கு இப்போது புரிந்தது. ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தன்னுடைய கயிற்றைக் கொடுத்துவிடலாம். ஆஸ்பத்திரியில் கையைக் கோட்டுக்குள் விட்டிருந்தவளுக்கு இந்தக் கயிறு ஒன்றுதான் இருந்தது. அதைக் கொடுக்க அவளுக்கு மனமில்லை. பெயரைச் சொல்லவும் வாய் வரவில்லை. ஜன்னலில் மழை அடித்தது. அம்மையார் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றார்.

ஹார்ட்முட் மேசைக்குப் போனார். எக்கி வாங்காத கோப்பையை எடுத்தார்.

"சக்கரை இருக்கா?" என்றார்.

மேசையில் இல்லை. சக்கரை இல்லாமலே குடித்தார். ஆறிப்போயிருக்க வேண்டும். நிதானமாக, கடைசிவரை குடித்தார்.

"இல்ல, நீங்க..." என்ற சொல் மாரெனின் தொண்டைவரை வந்தது. அங்கேயே இருந்தது. இவ்வளவு சுலபமா என்று நினைத்தாள். அப்பாவும் ஒருவேளை ஒன்றும் செய்யாமல், சும்மா உட்கார்ந்துதான் இருந்தாரோ என்னவோ.

"பழக்கம்தான்மா" என்றார் ஹார்ட்முட், கோப்பையை வைத்துவிட்டுச் சுவரோரத்துக்கு நகர்ந்தபடி.

குழிவரை பெட்டி சக்கர வண்டியில் போனது. சரளைப் பாதையில் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. "எண்ணெய் விடுங்கம்மா" என்றான் கூபா. "ஃபோல்கர் இருந்திருந்தா அதை ரெக்கார்டு பண்ணியிருப்பான்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

குழியின்மேல் பலகைகள் போட்டிருந்தன. பெட்டியை அவற்றின்மேல் நகர்த்தினார்கள். அம்மையார் கயிறுகளை அடியில் கொடுத்து முனைகளைக் கையில் தந்தார்.

"கொஞ்சம் தூக்கிப் பிடிங்க, நான் பலகையை உருவிடுவேன். அப்புறம் ஒரே சீரா இறக்கணும். ஒருத்தர் முந்தினாலும் சாயும். எங்க ஆட்கள்ல ஒருத்தர் எண்ணுவார், மத்தவங்க அதுக்குத் தக்கன விடுவாங்க. தயாரா?"

மாரென் கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றினாள். "சுத்தாதீங்க, கூட இழுத்துடும்" என்றார் அம்மையார். அவிழ்த்தாள். கயிறு நனைந்து கனத்தது. எதிரில் செங்கிஸ். தலைமாட்டில் கூபா.

தூக்கினார்கள். கூபாவின் பக்கம் முதலில் எழுந்தது. கால்மாடு பலகையிலேயே இருந்தது. பெட்டி சாய்ந்தது. உள்ளே ஏதோ நகர்ந்து தட்டும் சத்தம் கேட்டது.

"கீழ, கீழ!"

மறுபடி பலகையில் வைத்தார்கள். கூபாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. "நீங்க எல்லாரும் லேட்டு" என்றான்.

"நீ முந்திட்ட" என்றார் செங்கிஸ்.

"யாராவது எண்ணுங்கப்பா" என்றார் அம்மையார்.

"நீ எண்ணு" என்றார் செங்கிஸ், கீபோர்டுக்காரரிடம்.

"நான் எப்படா எண்ணியிருக்கேன்?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எந்த மேடையிலும் அவர்களில் யாரும் எண்ணியதில்லை. ஃபோல்கர் ஒரு பொத்தானை அழுத்துவார். எல்லார் காதிலும் மாட்டியிருந்த கருவியில் டக் டக்கென்று தாளம் வரும். அதன்மேல் ஃபோல்கரின் குரல், என்றோ ஒருநாள் பதிவு செய்தது, மூன்று, நான்கு என்று சொல்லும். ஆட்கள் மாறினாலும் அந்தக் குரலை அவர் மாற்றவில்லை. அதற்குக் கட்டுப்பட்டு இத்தனை வருஷம் வாசித்துவிட்டார்கள்.

செங்கிஸ் தொண்டையைச் செருமினார். "ஒண்ணு, ரெண்டு..."

"தாளத்தை விட்டு ஓடறான் பாரு" என்றார் எக்கி, ஓரத்திலிருந்து. "அன்னிக்கும் இதேதான்."

சிலர் சிரித்தார்கள். அது சீக்கிரமே நின்றுபோனது. செங்கிஸ் எண்ணுவதை விட்டுவிட்டார். பெட்டியின்மேல் மழை விழுந்துகொண்டிருந்தது. ஆறு பேரும் கயிற்றைப் பிடித்தபடி நின்றார்கள். மாரெனின் விரல்கள் மரத்துப்போயிருந்தன.

அவள் தலையை உயர்த்தினாள். முதுகு ஆபரேஷன்காரர்களுக்கும் பின்னால், வேலியோரம், ஹார்ட்முட் குடையில்லாமல் நின்றுகொண்டிருந்தார். மெஷின் வருவதற்கு முன்னால் குச்சியால் குச்சியைத் தட்டி, வாயால் எண்ணி, இந்த பேண்டைத் தொடங்கிவைத்தவர் அந்த ஒருவர்தான். அவர் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹார்ட்முட் மாமா" என்றாள். வழியை விட்டு ஆட்கள் விலகினார்கள். "நீங்க எண்ணுறீங்களா?"