சாம்பல் கட்டம்

அலுவலகத்திலும் வீட்டிலும் அவளுக்குக் கமா என்று பெயர். மென்பொருள் கையேடு எழுதுகிறவள்; ஒரு கமா தவறினாலும் விடமாட்டாள். அவள் வகுத்த முறை எளியது. கையேட்டில் சாம்பல் நிறக் கட்டத்துக்குள் இருப்பதை எழுத்து மாறாமல் கணினியில் அடிக்க வேண்டும். சாய்ந்த எழுத்தில் இருந்தால் அது வெறும் உதாரணம்; அந்த இடத்தில் அவரவர் வைத்திருக்கும் பெயரைப் போட வேண்டும்.

குரல் பதியும் மென்பொருளுக்கான கையேட்டில் கடைசி அத்தியாயத்தை வேறொருத்தி எழுதினாள். அவளுக்கு எல்லாமே சாம்பல் கட்டம்தான். கமா தலைவரிடம் போய் நின்றாள்.

“நீக்குற பக்கத்துல, உதாரணத்துக்குப் போட்ட ஃபோல்டர் பேரும் கட்டத்துக்குள்ள இருக்கு சார். சாய்வா மாத்தணும்.”

“அம்மா தாயே, உதாரணம்னு ஜனங்களுக்குத் தெரியாதா? இன்னைக்கே அனுப்பியாகணும்.”

கமா திருத்தாமலே அனுப்பிவிட்டாள்.

அக்கா படுக்கையில் கிடந்த மாதங்களில் பேசியதையெல்லாம் அத்தான் அந்த மென்பொருளில்தான் பதிந்துவைத்தார். மைத்துனி வேலை பார்க்கும் இடத்துச் சரக்கு என்று தேடி வாங்கியது. அக்கா போன பிறகு, காலையில் அந்தக் குரலை ஓடவிட்டுத்தான் சவரம் செய்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடமிருந்து போன் வந்தது.

“கமா, உங்க அக்காவைக் காணோம்.”

அவள் ஓடினாள். கணினித் திரை வெறுமையாக இருந்தது. பக்கத்தில் கையேடு விரிந்து கிடந்தது.

“இடம் பத்தலைன்னு சொல்லுச்சு. வெத்துப் பதிவையெல்லாம் தனியா ஒரு ஃபோல்டர்ல தள்ளி, அதை நீக்கப் போனேன். கட்டத்துக்குள்ள ‘பதிவுகள்’னு இருந்துச்சு, அப்படியே அடிச்சேன். கட்டத்துல இருந்தா யோசிக்காம அடிங்கன்னு நீதானே சொன்னே? நிச்சயமான்னு கேட்டுச்சு. உன் புத்தகமாச்சே, ஆமான்னுட்டேன்.”

மென்பொருள் தானாகவே உண்டாக்கும் ஃபோல்டருக்கும் அதே பெயர்தான். அக்கா இருந்தது அதில்.

கமா தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்துபார்த்தாள். அலுவலகப் பொறியாளரையும் போனில் பிடித்தாள். ஒன்றும் மிஞ்சவில்லை.

“நான்தான் என்னமோ தப்பா அடிச்சிட்டேன், இல்ல?”

“இல்ல அத்தான். நீங்க சரியாத்தான் அடிச்சீங்க.”

அவர் முகம் தெளிந்தது. “அப்பாடா. நானே அவளைத் தொலைச்சிட்டேனோன்னு…”

பாதியில் நிறுத்தினார். கையேட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

“சாப்பிடாம உக்காந்திருக்கியே. இரு, ஏதாவது சூடு பண்றேன்.”

“அத்தான், அந்தப் பக்கம் தப்புன்னு எனக்கு முன்னாடியே தெரியும்.”

சமையலறையில் அவர் குழாயை முழுதாகத் திறந்துவிட்டிருந்தார். கழுவ அங்கே ஒரு பாத்திரமும் இல்லை.