அறுபத்தொன்றுக்குக் கீழே

1

இந்தக் கதை ஒரு வெற்றியில் தொடங்கியது. என் வெற்றி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதனால் முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன்.

அயோவாவில் எங்கள் ஊர்க் கல்லூரி அரங்கம், பிப்ரவரி மாதச் சனிக்கிழமை மதியம், பெண்கள் கூடைப்பந்து. இடைவேளைக்குள் இரண்டு அணிகளும் சேர்ந்து அறுபத்தொரு புள்ளியாவது எடுக்குமா என்று காசு வைத்து 'ஆம்' அல்லது 'இல்லை' வாங்கும் கைப்பேசிச் சந்தையில் ஒரு கேள்வி. நான் 'ஆம்' வாங்கியிருந்தேன். கணக்கு ஐம்பத்தொன்பதில் நின்றது. இடைவேளைக்கு முந்தின கடைசி நொடியில் பதினான்காம் எண் பெண் தொலைவிலிருந்து எறிந்தாள். மூன்று புள்ளி. அரங்கமே எழுந்தது, நானும் குதித்தேன். எனக்கு முன்வரிசையில் ஒருவர் மட்டும் எழவில்லை. அவர் சட்டை முதுகிலும் பதினான்கு. அதற்கு மேல் 'அப்பா' என்று அச்சிட்டிருந்தது. மடியில் கைப்பேசி, அதில் அதே சந்தை. அவர் வாங்கியிருந்தது 'இல்லை'.

நான் பார்த்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் நான் கட்டியது.

2

அந்த அப்பாவுக்கு நானே ஒரு பெயர் வைத்தேன். முதல் தொடக்கம்: "ஆர்டன் டீகன் பேராசைக்காரர். அவருக்கு எவ்வளவு வந்தாலும்—"

அடித்துவிட்டேன். அவரைப் பேராசைக்காரர் ஆக்கிவிட்டால் உங்களுக்கும் எனக்கும் வேலை சுலபமாகிவிடும்.

இரண்டாவது: "மனைவி போன பிறகு ஆர்டன்—" இதுவும் வேண்டாம். உடனே பாவம் என்று மன்னித்துவிடுவோம்.

சோளம் போடுகிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே விதை மண்ணில் விழுமுன்பே அறுவடையை விலைபேசி விற்றுவிடுவார்கள். வானத்தைப் பார்த்து, காதில் விழுந்ததை வைத்து, விற்பார்கள். முப்பது வருடம் அப்படி விற்றவருக்கு இது சூதாட்டமாகவே தெரியாது. அவர் தப்பு அங்கேதான் இருக்கிறது.

3

அவர் மகள், அந்தப் பதினான்காம் எண், பிரின். விடுதியில் இருக்கிறாள். ஆட்ட நாளன்று காலையில் முட்டை சாப்பிட வீட்டுக்கு வந்துவிடுவாள்.

"அப்பா, கணுக்கால் இன்னும் சரியாகல. கோச்கிட்ட சொல்லிடாத."

"நொண்டுறியா?"

"அதெல்லாம் இல்ல. ஆனா முதல் பாதியில ரொம்ப ஓட மாட்டேன். அப்புறம் பாத்துக்கலாம்."

"நீ ஓடலன்னா வேற யாரு ஓடுவா? மத்ததெல்லாம் லைட்டுக் கம்பம்."

"ஐயோ, அவங்க என் ஃப்ரெண்ட்ஸ்ப்பா!"

"ஃப்ரெண்ட்ஸ்தான். நல்ல உயரமான ஃப்ரெண்ட்ஸ்."

சிரித்துக்கொண்டே இன்னொரு முட்டையை அவள் தட்டில் தள்ளினார். இரண்டு மணி நேரம் கழித்து, அரங்கத்துக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்து 'இல்லை' என்பதைத் தொட்டார். மழை வராது என்று காதில் விழுந்தால் என்ன செய்வாரோ, அதைத்தான் செய்தார்.

[ஆட்டக்காரரின் குடும்பம் இந்தச் சந்தையில் இறங்கக் கூடாது. பிரின் கையெழுத்துப் போட்ட தாளிலும் அது இருக்கிறது. வெளியே தெரிந்தால் அவள் ஆட்டம் அத்தோடு முடிந்தது.]

[இன்னொன்று. ஒருவர் 'இல்லை' வாங்கினால் எதிரில் ஒருவர் 'ஆம்' வாங்கியாக வேண்டும். அது நானாகவே இருக்கலாம். அந்தக் கணுக்காலின் மேல் காசு வைத்தவர்களில் நானும் ஒருவன். ஆர்டனுக்குத் தீர்ப்பு சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?]

4

இந்தக் கதையில் ஒரே ஒரு வாக்கியம்தான் முக்கியம். ஏழு முறை எழுதிப் பார்த்தேன்.

"பந்து காற்றில் இருந்தபோது, பெற்ற தகப்பன், அது உள்ளே விழக் கூடாது என்று—"

என்னால் முடிக்க முடியவில்லை. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், நீச்சல் போட்டிகளுக்குப் போகிறாள். பயமாக இருக்கிறது.

பந்து விழுந்தது. வலிக்கிற காலோடு இறங்கிய பிரின், கூச்சலுக்கு நடுவே முதலில் அவரைத்தான் தேடினாள். உட்கார்ந்திருந்த அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை கட்டியதல்ல; முதலில் சொல்லாமல் விட்டேன், அதையும் என் கண்ணால் பார்த்தேன்.

5

ஒரு முடிவில் ஆர்டன் கல்லூரிக்குப் போய் ஒப்புக்கொண்டார். மகளின் வாழ்க்கையைக் கொடுத்துத் தன் மனச்சாட்சியைக் கழுவிக்கொள்வதா? கிழித்தேன். இன்னொன்றில் பிரின் எதையும் கவனிக்கவில்லை. அது பச்சைப் பொய்.

இது மூன்றாவது. ஆட்டம் முடிந்து வண்டியில் இருவரும். அவள் காலில் பனிக்கட்டிப் பை.

"எல்லாரும் எழுந்தாங்க. நீ ஏன்ப்பா எழல?"

"முட்டி பிடிச்சுக்கிச்சு."

"உனக்கு முட்டி வலியே கிடையாதே."

அவர் வண்டியைக் கிளப்பவில்லை.

"காலையில சொன்னேன்ல, அதை யார்கிட்டயாவது சொன்னியா?"

'யார்கிட்டயும் சொல்லலம்மா' என்று அவர் சொல்லலாம். ஒவ்வொரு சொல்லும் உண்மை. வாய் திறந்து அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவள் நம்பிவிடுவாள், பனிக்கட்டியைச் சரிசெய்துகொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள், ஆயுசுக்கும் மறுபடி கேட்க மாட்டாள்.

அந்த வாக்கியத்தை அவர் சொன்னதாக நான் எழுத மாட்டேன். உண்மையையும் அவர் வாயில் வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. என் இடத்தை விட்டு எழுந்துகொள்கிறேன். அவர் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். அவள் இன்னும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.